ஒற்றை டவர்

ஸ்மெய்ல்ஹோம் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் அதன் தனிமையைத்தான் சொல்கிறார்கள். ஸ்காட்லாந்தின் தெற்கு எல்லைப்புறம், கெல்ஸோவுக்குப் பக்கம். மொட்டைப் பாறைமேல் 20 மீட்டர் உயரத்துக்கு நிற்கிற கல் டவர். கீழே சின்னக் குட்டை, சுற்றிலும் ஆடு மேய்கிற புல்வெளி. (கோபுரம் என்று எழுதினால் நமக்குக் கோயில் வந்துவிடுகிறது, டவர் என்றே இருக்கட்டும்.) 15ஆம் நூற்றாண்டில் பிரிங்கிள் என்ற குடும்பம் கட்டியதாகக் கணிக்கிறார்கள். இரண்டு மீட்டருக்கு மேல் கனமான சுவர்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அறைகள். உச்சியில், புகைபோக்கியில் முதுகைச் சாய்த்துக் காவல்காரன் உட்காரக் கல்லில் ஓர் இருக்கை. பக்கத்தில் விளக்கு வைக்க ஒரு மாடம்.

இந்தத் தனிமையை இலக்கியத்துக்குள் கொண்டுவந்தவர் வால்டர் ஸ்காட். 1771இல் பிறந்தவர், ஒன்றரை வயதில் போலியோ தாக்கி வலது கால் விளங்காமல் போனது. பாறையடியில் இருந்த ஸாண்டிநோ பண்ணைக்கு, தாத்தாவிடம், அனுப்பினார்கள். அப்போதே உரித்த ஆட்டுத்தோலில் சுற்றிக் கிடத்தி வைத்தியம் நடந்திருக்கிறது. 1799இல் அவர் எழுதிய ‘புனித யோவான் திருநாளுக்கு முந்திய இரவு’ என்ற கதைப்பாடல் இந்த டவரில்தான் நிகழ்கிறது. கணவன் கொன்றுவிட்ட காதலனின் ஆவி அவள் அறைக்கே வருகிறது. அது தொட்ட மணிக்கட்டு கருகிவிடுகிறது. இடிந்துகொண்டிருந்த டவரைக் காப்பாற்றும்படி ஸ்காட் நிலச் சொந்தக்காரரைக் கேட்டதாகவும், அவர் பதிலுக்கு ஒரு பாட்டு எழுதித் தரச் சொன்னதாகவும் கதை உண்டு. பி.ஏ.வில் நாவல்களை மட்டும் படித்து ஸ்காட்டை மூட்டை கட்டிவிட்டவர்கள் கதைப்பாடல்களைப் படிக்க வேண்டும். அங்கே இருப்பது வேறு ஆள்: சிக்கனமானவர், பயமுறுத்தத் தெரிந்தவர். ஆனால் அவருடைய டவரில் யாரும் சமைப்பதில்லை.

1979 முதல் 1981 வரை அந்தப் பாறையைத் தோண்டினார்கள். டவரை ஒட்டி மதில் வளைத்த ஒரு முற்றம் உண்டு; பார்ம்கின் என்பார்கள். அதற்குள் ஒரு பெரிய கூடமும், தனியாகச் சமையல்கட்டும் இருந்ததற்கான அஸ்திவாரங்கள் கிடைத்தன. 1645இல் இடம் ஹார்டன் ஸ்காட்டுகளின் கைக்கு மாறியபின், பழைய கூடத்தை எடுத்துவிட்டு அங்கே இரண்டடுக்கு வீடு கட்டியிருக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாறையை விட்டு இறங்கி, பக்கத்தில் ஸாண்டிநோவுக்குப் போய்விட்டார்கள். மெலிந்த சுவர்கள் விழுந்தன, கனத்த சுவர் நின்றது. கால் விளங்காத குழந்தை அண்ணாந்து பார்த்த தனிமைக்கு அப்போது எண்பது வயதுகூட ஆகியிருக்காது.

இது ஸ்மெய்ல்ஹோமோடு முடிகிற விஷயமும் இல்லை. ட்ரீவ் என்ற ஆற்றுத் தீவில் 1974-78இல் தோண்டியபோது, அங்கிருந்த இன்னும் பெரிய டவரைச் சுற்றிலும் கட்டிடங்கள் இருந்தது தெரியவந்தது. படகுத்துறைச் சேற்றில் மரக் கிண்ணங்களும் தோல் செருப்புகளும் கிடைத்தன. இரண்டையும் சேர்த்துவைத்து கிறிஸ் டேப்ரஹாம் 1988இல் ஒரு கட்டுரை எழுதினார். டவர் என்பது பிரபுவின் அந்தரங்க வாசம். ஊர் கூடுகிற, பந்தி நடக்கிற இடம் வெளியே இருந்தது என்பது அவர் வாதம். எனக்கு இதைவிட ருசிகரமாகப் படுவது 1535ஆம் வருஷத்து ஸ்காட்லாந்துச் சட்டம். எல்லைப்புறத்தில் நூறு பவுண்டு மதிப்புள்ள நிலம் வைத்திருப்பவன் அறுபதடிச் சதுரத்தில், ஒரு கெஜம் கனமும் ஆறு கெஜம் உயரமுமாக மதில் எழுப்ப வேண்டும். குடியானவர்களும் அவர்கள் உடைமைகளும் ஆபத்துக்கு ஒதுங்குவதற்காக. டவர்? அவனுக்கு உசிதமாகப் பட்டால் உள்ளே ஒன்று கட்டிக்கொள்ளலாம். கட்டாயம் முற்றத்துக்குத்தான்.

முந்நூறு பிரதி அச்சடிக்கிற நமக்கு ஒற்றை டவர் மேல் ஒரு பிரேமை இருக்கிறது. கவிதை தன்னளவில் முழுமை, அதைச் சுற்றி எதையும் பார்க்கக் கூடாது என்று நாம் சொல்லும்போது, விமர்சனக் கோட்பாட்டோடு இந்தப் பிரேமையும் கலந்திருக்கிறது. சமையல்கட்டைப் பற்றிப் பேசினால் கவிதை சமூகவியலாகிவிடும் என்று பயப்படுகிற நண்பர்கள் யேட்ஸைப் பார்க்கலாம். மேற்கு அயர்லாந்தில் இதே ஜாதி டவர் ஒன்றை, தூர் பாலிலீயை, 1917இல் 35 பவுண்டுக்கு வாங்கியவர். நம் எல்லோரையும்விட டவர் பித்துப் பிடித்தவர். ஆனால் உள்நாட்டுப் போர் பற்றிய அந்தத் தொடர்கவிதையில் தன் வீட்டை அறிமுகப்படுத்தும்போது, பாலத்தையும் டவரையும் சொன்ன கையோடு, அதன் சுவரில் ஒண்டியிருக்கிற பண்ணைவீட்டையும் சொல்லிவிடுகிறார். வரி நீர்த்துப்போகவில்லை. எதற்காகவோ நிற்கிற சுவர் என்று ஆனதில் அதற்குப் பாரம் கூடத்தான் செய்கிறது.

ஸ்மெய்ல்ஹோம் 1950இல் அரசாங்கப் பராமரிப்புக்கு வந்தது. பிற்பாடு டவருக்குள் ஸ்காட் தொகுத்த கதைப்பாடல்களின் பாத்திரங்களைப் பொம்மைகளாகச் செய்து வைத்தார்கள். சமையல்கட்டின் அஸ்திவாரம் வெளியே, புல்லுக்குள் கிடக்கிறது.

ஸ்காட்டுக்கு இது அறவே தெரியாதென்று சொல்லிவிடவும் முடியாது. 1808இல் வெளிவந்த ‘மார்மியனில்’, மூன்றாம் காண்டத்தின் முன்னுரையாக நண்பருக்கு எழுதிய நிருபக் கவிதையில் இந்த டவர் வருகிறது. உலகத்திலேயே பெரிய கட்டிடம் அதுதான் என்று சின்ன வயதில் நினைத்ததாகச் சொல்கிறார். பிறகு, எல்லைப்புறக் கதைகளைத் தான் எங்கே கேட்டேன் என்றும் சொல்கிறார்: குளிர்காலத்தில், ஸாண்டிநோவில், அடுப்பங்கரையில் தரையில் நீட்டிப் படுத்துக்கொண்டு.