பொய்க் கதவின் முன்னால்

மழை விட்ட கையோடு கோவன்ட் கார்டனில் வித்தைக்காரர் கடை விரித்துவிட்டார். புனித பவுல் தேவாலயத்தின் முகப்புதான் அவருக்குப் பின்திரை. தடித்த கயிற்றைத் தரையில் வட்டமாகப் போட்டு, உயரமான ஒற்றைச் சக்கர சைக்கிளைத் தூணில் சாய்த்துவைத்து, கைதட்டச் சொல்லிக் கூவுகிறார். தட்டுவதற்கு இன்னும் ஆள் சேரவில்லை.

தூண்களுக்குப் பின்னால் பெரிய கதவு. அது திறக்காது. இனிகோ ஜோன்ஸ் வரைந்து 1633-இல் எழும்பிய கோயில். பலிபீடம் கிழக்கே இருக்கவேண்டும் என்ற மரபினால், சதுக்கத்தைப் பார்த்த இந்தக் கிழக்கு வாசல் பொய்வாசலாகிவிட்டது. சுற்றிக்கொண்டு பின்பக்கம்தான் போகவேண்டும். ஒரு குடும்பம் வந்து நின்று கைப்பிடியைத் தேடுகிறது. தகப்பனார் ஆகாயத்தை முறைக்கிறார்.

தூணடியில் ஓர் இளைஞன், பக்கத்தில் ஒரு பெண். அவன் கையில் 'ரிவர்ஸ் ஆஃப் லண்டன்', முதுகு வெளுத்த பிரதி. பக்கத்தையும் தூணையும் மாறிமாறிப் பார்க்கிறான். பென் ஆரனோவிச்சின் நாவல் வரிசை 2011-இல் இந்தத் தூண்களுக்கடியில்தான் தொடங்கியது. தலை துண்டான பிணம். இடத்தைக் காவல் காக்கும் கத்துக்குட்டிப் போலீஸ்காரன் பீட்டர் கிராண்ட். கூட நின்ற சக போலீஸ்காரி லெஸ்லி காபி வாங்கப் போன நேரம் பார்த்துச் சாட்சி சொல்ல ஒருவர் வருகிறார். வந்தவர் எப்போதோ செத்துப்போனவர். பீட்டர் ஓடவில்லை, விசாரிக்கிறான்! இந்த ஓர் இடத்துக்காகவே நான் மொத்த வரிசையையும் மன்னிப்பேன். பிறகு அவனுக்கு மந்திரம் கற்றுக்கொடுக்கிற நைட்டிங்கேலும் போலீஸ் அதிகாரிதான். எழுதியவர் இந்தப் பேட்டையிலேயே வாட்டர்ஸ்டோன்ஸ் புத்தகக் கடையில் வேலை பார்த்தவர். எந்தத் தூணில் யார் சாய்வார்கள் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

இளைஞன் சுவரில் பொறித்த எழுத்தைக் கண்டுபிடித்துவிட்டான். பன்ச் பொம்மலாட்டம் இவ்விடத்தருகே நடந்ததையும் 1662-இல் சாமுவேல் பெப்பிஸ் அதைப் பார்த்ததையும் சொல்கிற எழுத்து. விரலால் தடவுகிறான். முதல் நாவலின் குற்றவாளிக்கான துப்பு அந்தக் கல்லிலேயே இருக்கிறது. மேலே சொன்னால் வாசிக்காதவர்கள் என்னை ஏசுவார்கள்.

"ஆறு எங்கே?" என்று அந்தப் பெண் கேட்கிறாள்.

அவன் காலால் தரையைத் தட்டிக் காட்டி, மூச்சுவிடாமல் சொல்ல ஆரம்பிக்கிறான். நாவலில் நதித்தெய்வமான தேம்ஸ் தந்தை 1858-இன் பெருநாற்றத்தில் மனம் வெறுத்து ஆற்றின் மேல்புறத்துக்குப் போய்விட்டாராம். காலியான இடத்தில், நர்ஸ் படிப்புக்கு வந்த ஒரு நைஜீரியப் பெண் தேம்ஸ் தாயாகிவிட்டாள். ஃப்ளீட், டைபர்ன், எஃப்ரா எல்லாம் அவள் மகள்கள். உண்மையில் அவை லண்டன் தெருக்களுக்கடியில் குழாயிலும் சாக்கடையிலும் அடைபட்டு ஓடுகிற சிற்றாறுகள். பிழைக்க வந்தவளை ஊரின் நதித்தெய்வமாக்கியது சாதாரணத் துணிச்சல் இல்லை. அந்தப் பெண்ணுக்கும் அது பிடித்துவிட்டது போலும். புத்தகத்தை அவன் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறாள்.

அந்நேரம் நிஜப் போலீஸ்காரர் இருவர் வருகிறார்கள். பெண் போலீஸின் இரு கைகளிலும் காபிக் கோப்பைகள். இளைஞன் தோழியின் முழங்கையை இடிக்கிறான். கதவைத் தேடிய தகப்பனார் குறுக்கே புகுந்து ஏதோ கேட்க, பெண் போலீஸ் கோப்பையாலேயே வழி காட்டுகிறார். காபி அவர் சட்டைக் கையில் சிந்துகிறது. வித்தைக்காரர் அதற்கும் கைதட்டச் சொல்கிறார். இந்த முறை நாலைந்து பேர் தட்டுகிறார்கள்.