அத்தை வீட்டுப் புகையிலை

திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் பதினோரு நிலை ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். 14 கிலோமீட்டர் கிரிவலம் வருவார்கள். ஈசானிய லிங்கத்தருகே காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். நானும் அதெல்லாம் செய்தேன். ஆனால், நேயர்களே, எனக்கு அங்கே இன்னொரு காரியமும் இருந்தது.

கிளம்பும்போதே என் மாமியார், "உங்க அத்தை வீட்டிலே கைப்பட வளர்த்த புகையிலை இருக்குமாமே, கொஞ்சம் வாங்கி வா" என்று சொல்லியனுப்பியிருந்தார்.

அத்தை வீட்டுக் கொல்லையில் நின்றால் மலை முழுதாகத் தெரியும். செம்பருத்திக்குப் பக்கத்தில் மார்பளவு உயரத்தில் நாலு செடிகள். முறம் போல இலைகள், இளஞ்சிவப்புப் பூக்கள்.

"மாமா வளர்த்த ஜாதியம்மா. வேதாரண்யத்திலிருந்து விதை கொண்டு வந்தார்" என்றாள் அத்தை.

புகையிலை விதையைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு கிராமில் பத்தாயிரத்துக்கு மேல் இருக்கும். மணலோடு கலந்து தூவ வேண்டும். மண் போட்டு மூடக் கூடாது. ஆறேழு வாரத்தில் நாற்றைப் பிடுங்கி நடுவார் மாமா. மொட்டு வந்ததும் நுனியைக் கிள்ளுவார். பக்கத் துளிர்களையும் ஒடிப்பார். அப்போதுதான் சத்தெல்லாம் இலைக்குப் போகுமாம்.

இலை பழுத்ததும் கயிற்றில் கோத்து, காற்றோட்டமான நிழலில் ஒரு மாதத்துக்கு மேல் தொங்கவிடுவார். பிறகு லேசாக ஈரம் காட்டி, கட்டுக் கட்டி, சாக்கில் சுற்றி அடுக்கினால் உள்ளே தானே சூடு கிளம்பும். பிரித்துப் பிரித்து மாற்றி அடுக்குவார். கார நெடி அடங்கி மணம் ஏறும். யாழ்ப்பாணத்தில் தேங்காய் மட்டைப் புகை போட்டுப் பதப்படுத்துவார்கள்.

"குழந்தையை வளர்க்கிற மாதிரி வளர்த்தார்! 'கடைச் சரக்கா இது? வீட்டுச் சரக்கு, ஒன்றும் செய்யாது' என்பார். கன்னத்துக்குள் வெள்ளையாக ஒரு திட்டு வந்தது. 'சுண்ணாம்பு பட்டிருக்கும்' என்றார். டாக்டரிடம் போனபோது காலம் கடந்துவிட்டது."

அத்தை சற்று நேரம் மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் என்ன தெரியுமா? வாயில் புற்றுநோயை உண்டாக்கும் நைட்ரோசமைன் என்ற நச்சுகள், இலையைப் பதப்படுத்தும்போதும் புளிக்க வைக்கும்போதும்தான் பெரும்பாலும் உண்டாகின்றன. மணம் ஏறுகிற வேளையிலேயே நஞ்சும் ஏறுகிறது. அதற்குக் கடை, வீடு என்ற பேதம் கிடையாது.

"அப்படியானால் இந்தச் செடிகள் எதற்கு அத்தை?"

"செம்பருத்திக்குத்தான்! அசுவினி வந்தால் அரைக் கிலோ இலையை நாலரை லிட்டர் தண்ணீரில் ஒரு நாள் ஊறப் போடுவேன். 120 கிராம் சோப்பைக் கரைத்து விட்டு, ஆறேழு பங்கு தண்ணீர் சேர்த்துத் தெளிப்பேன். கையுறை இல்லாமல் தொடமாட்டேன். ஈர இலை தோல் வழியாகவே தலை சுற்ற வைக்கும். தக்காளி, கத்தரி பக்கம் கொண்டு போவதே இல்லை. எல்லாம் ஒரே குடும்பம், இதன் நோய் அதற்கும் தொற்றும்."

பூச்சியைக் கொல்லுகிற சரக்கை நாம் கன்னத்தில் அடக்கிக்கொள்கிறோம்!

ஊர் திரும்பினேன். "புகையிலை எங்கே?" என்றார் மாமியார். நடந்ததைச் சொல்லிவிட்டு, விளக்கை எடுத்து வந்து, "கொஞ்சம் வாயைத் திறங்கள், அம்மா" என்றேன். முதலில் கோபித்துக்கொண்டார், அப்புறம் திறந்தார். நல்லவேளை, திட்டு ஒன்றும் இல்லை. மறுநாள் வெற்றிலைப் பெட்டியில் புகையிலை அறை காலியாக இருந்தது.

உங்கள் வீட்டிலும் ஒரு வெற்றிலைப் பெட்டி இருக்கிறதா? இன்றைக்கே விளக்கை எடுங்கள். வெள்ளையோ சிவப்போ திட்டு இருந்தாலும், இரண்டு வாரமாகியும் ஆறாத புண் இருந்தாலும், டாக்டரிடம் அழைத்துப் போகத் தாமதிக்காதீர்கள்.