பூம்பாறைக்கு அப்பால்

கொடைக்கானல் என்றவுடன் நம் குடும்பங்களின் நினைவில் எழுவன ஏரியும், படகுகளும், பனிமூட்டமும், சலேத் மாதா ஆலயமுமேயாகும். சற்று விவரம் அறிந்தோர், சேசு சபைத் துறவியர் 1895-இல் செண்பகனூரில் நிறுவிய இல்லத்தையும், அங்குள்ள அருங்காட்சியகத்தையும் கண்டு திரும்புவர். நகருக்கு மேற்கே செல்வோர் மிகச் சிலரே. ஆனால் கடைத்தெருவைக் கடந்து, பைன் மரக் காடுகளினூடே வளைந்து செல்லும் சாலையில் இருபது கிலோமீட்டர் அளவில் சென்றால் பூம்பாறை என்னும் பழமையான மலையூர் காட்சி தரும். படிப்படியாக வெட்டப்பட்ட வயல்களுக்கு நடுவே, நெருக்கியடித்துக் கட்டிய வீடுகளின் கூரைகள் தெரியும். 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு விளையும் நிலம் அது. அதற்கும் அப்பால் மன்னவனூர், கவுஞ்சி முதலிய ஊர்கள் உள்ளன. அவற்றுக்கும் அப்பால், தார்ச் சாலையை விட்டுக் கற்பாதையில் இறங்கும் ஒரு சிற்றூருக்குச் சென்ற அக்டோபர் மாதத்தில் நாங்கள் போக நேர்ந்தது.

நாங்கள் என்றது எம்மையும் எம் நண்பர் ஆசிரியரையும். அவர் தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார்த் தொழிலை முப்பது ஆண்டுகள் கற்பித்து ஓய்வு பெற்றவர். அப்பகுதியின் பங்குத் தந்தை எமக்கு நெடுநாள் பழக்கமுடையவர். “நம் பங்கின் ஜீப்புக்கு ஏதோ நோய் கண்டிருக்கிறது. எந்த வைத்தியருக்கும் பிடிபடவில்லை. ஆசிரியரை அவசியம் அழைத்து வாருங்கள்” என்று அவர் எழுதியிருந்தார்.

நாங்கள் சென்று சேர்ந்த இரவு மழை பெய்துகொண்டிருந்தது. உணவு முடிந்தபின் அவர் தம் மனத்தில் கிடந்ததைச் சொன்னார்.

மூன்று வாரங்களுக்கு முன் ஓர் இரவில், மலையூர்ப் பெரியவர் ஒருவர் இறக்கும் தறுவாயில் இருப்பதாகச் செய்தி வந்தது. நற்கருணையையும் நோயில் பூசும் எண்ணெயையும் எடுத்துக்கொண்டு, தந்தை உடனே ஜீப்பில் புறப்பட்டார். பூம்பாறையைக் கடந்த ஏற்றத்தில் வண்டி இழுவை குன்றி நின்றது. அரை மணி காத்திருந்தபின் ஓடியது, மீண்டும் நின்றது. இறுதியில் தந்தை இறங்கி நடந்தார். அவர் சென்றடைந்தபோது பொழுது புலர்ந்துவிட்டது. பெரியவர் ஒரு மணி நேரத்திற்கு முன் கண் மூடியிருந்தார்.

“எல்லாம் தேவ சித்தம், சாமி என்று அவருடைய மக்களே எனக்கு ஆறுதல் சொன்னார்கள்” என்றார் தந்தை. “அவர்கள் சொல்லலாம். ஆனால் நாம் தேடிக் கண்டுபிடிக்காமல் விட்ட ஒரு குறைக்கு நானும் அந்தப் பெயரைச் சூட்டிவிடலாமா? அதுதான் என்னை உறங்கவிடவில்லை.”

மறுநாள் அதே ஊரில் படுக்கையாய்க் கிடக்கும் மூதாட்டி ஒருவருக்கு நன்மை கொடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பயணத்தில் நாங்களும் உடன் செல்வதென்று முடிவாயிற்று.

வந்து வந்து போகும் நோய்

ஜீப் என்பது இரண்டாம் உலகப் போரில் 1941 முதல் படைகளுக்கெனப் பெருவாரியாகச் செய்யப்பட்டு, போருக்குப்பின் உழவர்க்கும் தோட்டத்தார்க்கும் வந்து சேர்ந்த வண்டி. நான்கு சக்கரங்களாலும் இழுக்கவல்லது. சேற்றுக்கும் கல்லுக்கும் அஞ்சாதது. பங்கின் வண்டியும் அவ்வினத்தைச் சேர்ந்த பழைய பெட்ரோல் ஜீப்புதான். அதன் பெட்ரோல் தொட்டி ஓட்டுநர் இருக்கையின் அடியிலேயே அமைந்திருந்தது.

விடியற்காலையில் ஆசிரியர் கருவிப் பையைத் திறக்குமுன் ஓட்டுநரிடம் கேள்விகளையே கேட்டார். நாற்பது வயதுடைய அந்த ஓட்டுநர் பணிவுள்ளவர். வண்டியைத் தம் வீட்டுப் பசுவைப்போல் பேணுபவர். இதுவரை செய்த வைத்தியத்தை அவர் வரிசையாக ஒப்புவித்தார். ஸ்பார்க் பிளக்குகள் மாற்றப்பட்டன. காயிலும் கண்டென்சரும் புதியன. கார்புரேட்டர் கழற்றித் துடைக்கப்பட்டது. பெட்ரோல் பம்பின் ஜவ்வு மாற்றப்பட்டது. சமவெளியிலுள்ள ஒரு பட்டறையில் மூன்று நாட்கள் ஓட்டிப் பார்த்தார்கள், ஒருமுறையும் நிற்கவில்லை. மலைக்குத் திரும்பிய முதல் பயணத்திலேயே நின்றுவிட்டது.

“உயரமான இடம், ஐயா, காற்று போதாமல் நிற்கிறது என்கிறார்கள்” என்றார் ஓட்டுநர்.

ஆசிரியர் தலையை அசைத்தார். “ஏழாயிரம் அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும், தம்பி. அதனால் எஞ்சினின் வலுவும் அந்த அளவுக்குக் குறையும் என்பது மெய்தான். ஆனால் அந்தக் குறை எந்நேரமும் இருக்கும். அரை மணி போய், அரை மணி வராது. இது வந்து வந்து போகும் நோய். எப்போது வருகிறது, எப்போது வரவில்லை என்று பார்த்தால்தான் வேர் தெரியும்.”

ஓட்டுநர் சிந்தித்துச் சொன்னார்: கடைத்தெருவுக்கும் மருத்துவமனைக்கும் போகும் நாட்களில் ஒரு குறையும் இல்லை. நெடுந்தூரம் மேலே போகும் நாட்களில் மட்டுமே நிற்கிறது. அந்நாட்களில் தொட்டி நிரம்பப் பெட்ரோல் போட்டுக்கொள்வது வழக்கம். பெட்ரோலிலும் சந்தேகம் இல்லை, வடிகட்டி சுத்தமாயிருக்கிறது. தொட்டியின் மூடியும் புதியது. முன்போல் பெட்ரோல் வாடையே வண்டியில் இல்லை.

ஆசிரியர் இவற்றையெல்லாம் ஒரு சிறு தாளில் குறித்துக்கொண்டார்.

மலைமேல் சோதனை

தந்தை நற்கருணைச் சிமிழை மார்போடு அணைத்தவாறு முன்னே அமர்ந்தார். ஆதலால் வழியில் எவரும் அதிகம் பேசவில்லை. மழை விட்ட காலையில் பைன் மரங்களிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் ஜெபமாலை சொல்லி முடிக்கவும் பூம்பாறையின் படிவயல்கள் கீழே தோன்றவும் சரியாக இருந்தது. முதல் உலகப் போர்க் காலத்தை ஒட்டி மோட்டார்ச் சாலை வருவதற்கு முன், பெரியகுளத்துப் பக்கத்து அடிவாரத்திலிருந்து குதிரையிலும் டோலியிலும் கால்நடையாகவும் இம்மலைக்கு ஏறிய குருக்களை நினைத்துக்கொண்டோம். அவர்களுக்கு நின்றுபோக ஜீப்பு இல்லை; ஆயினும் போய்ச் சேர்ந்தார்கள்.

ஊரைக் கடந்த ஏற்றத்தில், சொல்லி வைத்தாற்போல், வண்டி திணறத் தொடங்கியது. ஒரு குலுக்கல், ஓர் இருமல், சற்றே வேகம், மீண்டும் இருமல்; பின்பு அடங்கியது. ஓட்டுநரின் முகம் வெளிறிற்று. அன்றிரவு நின்ற அதே வளைவு அது.

சக்கரங்களுக்குக் கல் வைத்தபின் ஆசிரியர் வேலையைத் தொடங்கினார். “மின்சாரக் கோளாறானால் விளக்கை அணைத்தாற்போல் எஞ்சின் சட்டென்று நிற்கும். இது மூச்சு வாங்கி நின்றது. ஆகையால் பெட்ரோல் வரத்திலேயே சந்தேகம். ஆயினும் ஊகத்தை நம்பக்கூடாது.” ஹாரன் ஒலித்தது, முன்விளக்குகள் மங்கவில்லை, பாட்டரியின் முனைகளும் இறுக்கமாக இருந்தன. பெட்ரோல் இருக்கும் எதையும் திறக்குமுன், ஒரு பிளக்கின் கம்பியைக் கழற்றிப் பொறியைச் சோதித்தார். பொறி நீலமாகப் பளிச்சிட்டது. அடுத்துப் பம்பின் கண்ணாடிக் கிண்ணத்தைப் பார்த்தார். நிரம்பியிருக்க வேண்டிய கிண்ணத்தில் பாதிக்கும் குறைவாகவே பெட்ரோல் நின்றது. தொட்டியோ ஏறத்தாழ நிறைந்திருக்கிறது! நிறைந்த தொட்டிக்கும் உழைக்கும் பம்புக்கும் இடையே எது தடுக்கிறது?

ஆசிரியர் எங்களை அருகே அழைத்து, “இப்போது காது கொடுங்கள்” என்று சொல்லிப் பெட்ரோல் தொட்டியின் மூடியை மெல்லத் திருகினார். “உஸ்…” என்று நெடிய ஓசையுடன் வெளிக்காற்று உள்ளே பாய்ந்தது. இரண்டொரு முறை சுழற்றியவுடன் எஞ்சின் கிளம்பிற்று. கண்ணாடிக் கிண்ணமும் எங்கள் கண்முன்னே நிரம்பியது.

“எண்ணெய் டின்னில் ஒரே துளை போட்டால் எண்ணெய் ஒழுங்காக வருமா? எதிர்ப்பக்கத்தில் இன்னொரு துளை போடுகிறோம் அல்லவா? இங்கும் அதே கதைதான்” என்றார் ஆசிரியர். பம்பு பெட்ரோலை உறிஞ்ச உறிஞ்ச, காலியாகும் இடத்தில் காற்று புக வேண்டும். அதற்காக இவ்வகைத் தொட்டியின் மூடியில் ஒரு நுண்ணிய வழி வைத்திருப்பார்கள். அது இல்லையேல் உள்ளே வெற்றிடம் கூடி, பம்பை எதிர்த்து இழுக்கும். ஏற்றத்தில் பெட்ரோல் அதிகம் தேவைப்படும் நேரத்தில் எஞ்சின் பட்டினி கிடக்கும். நிறுத்தி வைத்தால் எங்கேனும் கசிந்து சிறிது காற்று புகும், மீண்டும் ஓடும்.

தொட்டி நிறைந்த நாட்களில் மட்டும் நின்றதேன் என்பதும் விளங்கிற்று. நிறைந்த தொட்டியில் காற்றுக்கு இடம் மிகக் குறைவு. இரண்டு மூன்று லிட்டர் குறைந்தாலே வெற்றிடம் வலுத்துவிடும். பாதித் தொட்டியிலோ அவ்வளவு விரைவில் வலுக்காது. பட்டறையில் குறை தெரியாததற்கும் இதுவே காரணம். அங்கே பெட்ரோலைப் பார்க்கவென்று அடிக்கடி மூடியைத் திறந்தார்கள். திறந்தபோதெல்லாம், தாம் அறியாமலே, நோயைத் தீர்த்தார்கள்.

“இந்த மூடி எப்போது வந்தது, தம்பி?” என்று ஆசிரியர் கேட்டார்.

ஓட்டுநர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, “ஆகஸ்டு மாதா திருவிழாவின்போது பழைய மூடி தொலைந்துபோயிற்று, ஐயா. பழைய சாமான் கடையில் இது கிடைத்தது. இறுக்கமாகப் பொருந்தியது. பங்குக்குச் செலவு மிச்சம் என்று மகிழ்ந்தேன்” என்றார். சொல்லி முடிக்குமுன் அவர் குரல் உடைந்தது. “அப்படியானால் அந்தப் பெரியவர்… என்னால்தானே, சாமி?”

தந்தை இறங்கிவந்து அவர் தோளில் கை வைத்தார். “அறியாமல் செய்தது பாவமாகாது. வண்டி முதன்முதல் நின்றபோதே, ‘எப்போதிலிருந்து, எதை மாற்றியபின்?’ என்று கேட்டிருக்க வேண்டியவன் நான். நீயும் நானும் இனி அறிந்தவர்கள். ஏறு, பாட்டி காத்திருப்பார்கள்.”

மாற்று மூடி கையில் இல்லை. மூடியைத் தளர்த்தி வைத்து ஓட்டினால் குலுக்கலில் பெட்ரோல் இருக்கையடியில் சிந்தித் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு என்று ஆசிரியர் தடுத்தார். ஆதலால் மூன்று கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி, ஓட்டுநரே இறங்கி, மூடியைத் திறந்து மூடினார். “சிலுவைப் பாதையின் ஸ்தலங்கள்போல் ஆயிற்று” என்றார் தந்தை. அப்போதுதான் அன்று முதன்முறையாக ஓட்டுநர் புன்னகை செய்தார். வண்டி அதன்பின் ஒருமுறையும் தானாக நிற்கவில்லை.

மூதாட்டி சுவரில் சாய்ந்தவாறு, வெள்ளைத் துணி விரித்த சிறு மேசையில் மெழுகுதிரி ஏற்றிவைத்துக் காத்திருந்தார். நன்மை வாங்கியபின், “போன மாதம் போலத் தாமதமாகுமோ என்று பயந்துபோனேன், சாமி” என்றார். எவரும் மறுமொழி கூறவில்லை. திரும்பும் முன், அனைவரும் கல்லறைத் தோட்டத்திற்குச் சென்று, அப்பெரியவரின் புது மண்மேட்டருகே முழந்தாளிட்டு ஜெபித்தோம்.

பழைய வண்டி வைத்திருப்போர்க்கு

தோட்டப் பணிக்கும் மலைவழிக்கும் பழைய ஜீப் வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே இன்றும் உண்டு. அவர்களுக்காக ஆசிரியர் கூறியவற்றைச் சுருக்கித் தருகின்றோம். வண்டி இழுவை குன்றி நின்றால், பாகங்களை மாற்றுமுன் காரணத்தைத் தேடுங்கள். சட்டென்று நின்றதா, திணறி நின்றதா என்று கவனியுங்கள். எஞ்சின் சூடேறியபின் சட்டென்று நின்று, ஆறியபின் ஓடுமானால் காயிலைச் சோதியுங்கள். திணறி நின்றால் வடிகட்டி, தொட்டியின் துரு, குழாய் வெடிப்பு, மூடியின் காற்றுவழி ஆகியவற்றை வரிசையாகப் பாருங்கள். இந்நாளில் பெட்ரோலுடன் எத்தனால் கலந்து விற்கப்படுகின்றது. அது ஈரத்தை ஈர்க்கும்; அக்காலத்து ரப்பர் குழாய்களை அரிக்கவும் கூடும். ஆதலால் பழைய குழாய்களை அதற்கேற்ற புதிய குழாய்களாக மாற்றுவது நலம். மூடியில் நீங்களே ஆணியால் துளையிடாதீர்கள். மழைநீரும் தூசியும் உள்ளே புகும். அந்த வண்டிக்குரிய, காற்றுவழி உள்ள மூடியையே வாங்கிப் பொருத்துங்கள். பெட்ரோல் அருகே நெருப்பு வேண்டாம் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இறந்த விசுவாசிகளின் நினைவு நாளான நவம்பர் 2-க்குப் பின் தந்தையிடமிருந்து கடிதம் வந்தது. புது மூடி பொருத்தியாயிற்று. கல்லறைகளை மந்திரிக்கத் தொட்டி நிரம்பிய ஜீப்பில் மேலே சென்றபோது அது எங்கும் நிற்கவில்லை. பெரியவரின் கல்லறையில் முதல் மெழுகுதிரியை ஏற்றியவர் ஓட்டுநர். விவரம் முழுவதையும் கேட்டறிந்த பெரியவரின் மூத்த மகன், அவரைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று பகல் உணவு கொடுத்து அனுப்பினாராம்.