பெயருக்குப் பின்னே எத்தனை எழுத்துகள்?

கடந்த கோடை விடுமுறையில், அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராய்ப் பணியாற்றும் நம் பங்கு மகள் ஒருத்தி, தன் தாயாருடன் நம்மைக் காண வந்தாள். அமர்ந்ததும் தாயார், "சாமி, நீங்கதான் இவளுக்குப் புத்தி சொல்லணும். ஊருக்கு வந்தும் புத்தகமும் கையுமா இருக்கா. பெத்த பிள்ளை கூப்பிட்டாலும் காதுல விழல" என்று முறையிட்டார்.

மகள் சிரித்தவாறே தன் பெயரை ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். பெயருக்குப் பின்னே எழுத்துகள் அணிவகுத்து நின்றன. சி.சி.ஆர்.என். என்பது தீவிர சிகிச்சைச் செவிலியருக்கான சான்றிதழ். மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல் வேண்டும். சி.இ.என். என்பது அவசர சிகிச்சைச் செவிலியருக்கு உரியது. நான்காண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மூன்றாவதாக, நோயாளிகளை ஹெலிகாப்டரில் கொண்டு செல்லும் செவிலியருக்கான தேர்வுக்கு ஆயத்தமாகிறாளாம்.

"அந்த வேலைக்குப் போகப் போகிறாயா, அம்மா?" என்றோம்.

"இல்ல சாமி. கூட இருக்கிறவங்க மூணு நாலு வச்சிருக்காங்க. ரெண்டோட நின்னா குறைவா நினைப்பாங்க."

இவ்விடை நம் நெஞ்சில் தைத்தது. இளங்குருவாய் இருந்த நாளில், ஏற்கெனவே இரு பட்டயங்கள் பெற்றிருந்த நாம், மூன்றாவது ஒன்றுக்குப் படித்தோம். பங்குப் பணிக்கு அது தேவைப்படவில்லை; உடன் பயின்றோர் பெற்றுவிட்டனர் என்பதே காரணம். தேர்வுக்கு முந்திய இரவு, சாகக் கிடந்த பெரியவர் ஒருவருக்கு நோயில் பூசுதல் அளிக்க அழைப்பு வந்தது. விடிந்ததும் வருவதாகச் சொல்லி அனுப்பினோம். விடிவதற்குள் அவர் கண்மூடிவிட்டார். தேர்வில் நாம் முதல் வகுப்பில் தேறினோம். அப்பட்டயம் இன்றும் பெட்டியின் அடியில் கிடக்கிறது. அதைச் சுவரில் மாட்ட நமக்கு மனம் துணியவில்லை.

கல்வியைப் பழிப்பது நம் நோக்கமன்று. நோயாளி காரணமின்றி அமைதியிழப்பதையும், சிறுநீர் குறைவதையும் கண்டு, இரத்த அழுத்தம் வீழ்வதற்கு முன்பே மருத்துவரை அழைக்கும் செவிலியர் ஓர் உயிரைக் காக்கிறார். அக்கூர்மையைக் கல்வியும் அனுபவமும் சேர்ந்தே தருகின்றன. சி.சி.ஆர்.என். தேர்வின் வழக்கமான விதியும் இதையே காட்டுகிறது: முந்திய ஈராண்டில் கடும் நோயாளிகளை 1,750 மணி நேரம் நேரடியாகப் பராமரித்திருத்தல் வேண்டும். கட்டிலருகே பிறந்து கட்டிலருகே பயன்படும் சான்றிதழ் அது.

ஹெலிகாப்டர்ச் சான்றிதழ் அத்தகையதன்று. தேர்வு எழுதச் செவிலியர் உரிமம் போதும். ஈராண்டு அனுபவம் பரிந்துரைக்கப்படுகிறதேயன்றிக் கட்டாயமில்லை. எனவே ஒருநாளும் ஹெலிகாப்டரில் ஏறாதவரும் அதைப் பெறலாம். ஆனால் பயன்படாத அறிவு மங்கிவிடும். எழுத்துகளோ பெயருக்குப் பின்னே நிற்கும். அவற்றை நம்பி ஒரு நோயாளியை ஒப்படைத்தால் என் செய்வது? புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் வேண்டிய பணமும் நேரமும் யாருடைய பங்கிலிருந்து எடுக்கப்படும்?

ஆகவே, சான்றிதழ்கள் மிகுதியாகலாமா என்றால், ஆகலாம் என்பதே நம் விடை. ஆனால் எண்ணிக்கை அதற்கு அளவுகோல் அன்று. பிரிவு மாறிப் பணி செய்பவருக்கு மூன்றும் தேவைப்படலாம். பெருமைக்காகப் படிப்பவருக்கு இரண்டே மிகுதி. 'இதை நாளை எந்த நோயாளிக்குப் பயன்படுத்துவேன்?' என்ற கேள்விக்கு விடை இருக்குமாயின், தயங்காது படிக்கலாம்.

நம் பட்டயத்தின் கதையை அம்மகளுக்குச் சொன்னோம். அவள் வெகுநேரம் பேசவில்லை. பின்பு அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு, வாயிலில் விளையாடிக்கொண்டிருந்த மகனை அழைத்துச் சென்றாள். என்ன முடிவு செய்தாள் என நாம் கேட்கவில்லை.

பெற்றோரே, நம் பங்கில் செவிலியப் பிள்ளைகள் பலர் உண்டு. தொலைபேசியில் பேசும்போது, 'அடுத்து என்ன படிக்கிறாய்?' என்று கேட்கும் முன், 'இன்று யாரைப் பராமரித்தாய்?' என்று கேளுங்கள்.