விறாந்தையில் சொன்ன பதில்

இரத்தச் சுத்திகரிப்பு மெசினை நம்பி வாழ்பவருக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணித்தியாலம் அந்தக் கட்டில்தான் உயிர். அந்தக் கட்டிலடியில் நின்று நாங்கள் எதைக் கேட்டாலும் "மாட்டேன்" என்று சொல்ல அவருக்கு வாய் வராது. தாதியாகப் பல வருடம் வேலை செய்த பிறகே எனக்கு இது விளங்கியது.

விளக்கியவர் தெல்லிப்பழையில் எங்கள் ஒழுங்கையில் இருந்த, அந்த மெசினுக்கு வந்துபோன ஓர் ஐயா. நான் வேலை செய்த இடத்தில் ஓர் ஆய்வுக்காக நோயாளரிடம் மேலதிகமாகக் கொஞ்சம் இரத்தம் எடுத்தோம். சம்மதப் படிவத்தை ஐயாவுக்கு நானே வாசித்துக் காட்டினேன். தலையாட்டினார், ஒப்பம் வைத்தார். சில நாள் கழித்து அவர் வீட்டு விறாந்தையில் தேத்தண்ணி குடித்தபடி கேட்டேன்.

"ஐயா, அண்டைக்கு என்னத்துக்கு ஒப்பம் வைச்சனீங்கள் எண்டு தெரியுமோ?"

"பிள்ளை கேட்டால் வைக்காமல் விடேலுமோ? வைக்காட்டி மெசினுக்கு முறை தராயினம் எண்டு நினைச்சன்."

படிவத்தில் குறையில்லை. "விரும்பாவிட்டால் விலகலாம்" என்ற வரியும் அதில் இருந்தது. மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த மண் இது, தமிழில் விளக்கச் சொல்லுக்குப் பஞ்சமில்லை. பிழை என்னில் இருந்தது. ஊசி போடும் கையே பேனையையும் நீட்டியது.

உலக மருத்துவச் சங்கம் 1964இல் ஏற்றுப் பின்னர் பலமுறை திருத்திய ஹெல்சின்கிப் பிரகடனம் இதைத்தான் எச்சரிக்கிறது: நோயாளர் தம்மைப் பராமரிப்பவரில் தங்கியிருந்தால், சம்மதத்தை வேறொருவர் கேட்கட்டும். ஐயாவின் பதிலைக் கேட்டபிறகு நான் ஆய்வுப் படிவத்தைத் தொடுவதில்லை. கேட்பவர் வேறு ஆள். ஊசி ஏற்றிய நேரத்தில் கேட்பதில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் யோசித்து வரச் சொல்கிறோம். வந்ததும், விளங்கியதை அவருடைய சொல்லிலேயே சொல்லச் சொல்கிறோம்.

சிறுநீரகம் கொடுக்க வருபவருக்கும் இதே கவனம் வேண்டும். உறுப்பு வியாபாரத்தை 2008ஆம் ஆண்டு இஸ்தான்புல் பிரகடனம் கண்டித்தது. ஆனால் காசு கைமாறாமலே வீட்டுக்குள் ஒருவரை நெருக்கலாம். தம்பிக்குக் கொடுக்க வந்த அக்காவைத் தனியே இருத்திக் கேட்க வேண்டும். அவர் பின்வாங்கினால் காரணம் வீட்டாருக்குப் போகாமல் எங்களோடு நிற்க வேண்டும்.

ஒருமுறை ஓர் அம்மா ஆய்வுக்கு, "எனக்கு வேண்டாம், பிள்ளை" என்றார். அடுத்த முறை அவர் வந்தபோது கட்டில் விரித்து, நோகாமல் ஊசி ஏற்றி, பக்கத்தில் இருந்தேன். விலகலாம் என்று படிவத்தில் எழுதிய வரி அன்றைக்குத்தான் உண்மையானது.