கடைப் பலகையில் இல்லாத பெயர்

திருத்தூதர் பணிகள் நூலின் 18-ஆம் அதிகாரத்தை எத்தனையோ முறை வாசித்திருக்கிறோம். ஆயினும் அக்கிலாவும் பிரிஸ்கில்லாவும் அகதிகள் என்பது நமக்கு நெடுநாள் உறைக்கவில்லை. கிளாவுதியு மன்னன் யூதர்களை உரோமையிலிருந்து துரத்தியதால் கொரிந்துக்கு வந்து கூடாரத் தொழில் செய்தவர்கள் அவர்கள். ஊருக்குப் புதியவரான பவுலுக்குத் தங்க இடமும் செய்ய வேலையும் தந்தது அந்த அகதிகளின் வீடுதான்.

இதை உறைக்க வைத்தவர் மன்னாரைச் சேர்ந்த ஒரு தாய். கம்பம் பள்ளத்தாக்கில் நாம் பங்குப்பணி ஆற்றிய நாளில், முகாமிலிருந்து திருப்பலிக்கு வருவார். 1990-இல் படகேறி வந்த குடும்பம். குமுளிக்கு அப்பால் உள்ள ஏலத்தோட்டங்களுக்கு விடியுமுன் ஜீப்பேறும் தொழிலாளருக்குப் புட்டும் காரச் சம்பலும் விற்றார். முதலில் 'முகாம்காரம்மா' என்றவர்கள், ஓராண்டுக்குள் 'புட்டுக்கார அக்கா' என்றார்கள். நம் மறையுரைகளால் ஆகாத காரியம் அது. கிறிஸ்து பிறப்பு விழாதோறும் நாம் கொடுத்த சேலையை வாங்கும்போது குனிந்திருந்த தலை, சில்லறை எண்ணித் தரும்போது நிமிர்ந்திருந்தது.

ஒருநாள், சிறிய கடை ஒன்று பிடிக்க வேண்டும், கடனுக்குப் பிணைக் கையெழுத்துப் போடுவீர்களா என்று கேட்டார். "நான் கட்டிப்போடுவன், சுவாமி" என்றார். யோசித்துச் சொல்வதாக அனுப்பினோம். உண்மையில் யோசிக்கவில்லை, தட்டிக் கழித்தோம். சேலை கொடுக்க நம்பிக்கை வேண்டியதில்லை. முடிவில், அவரிடம் நாள்தோறும் உண்ணும் ஜீப் ஓட்டுநர் ஒருவர் தம் பெயரிலேயே கடையை எடுத்துக்கொடுத்தார். அவர் நம் கோயிலுக்கு வருபவர் அல்லர்.

1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி வந்த மலையக மக்களுக்கு இந்தியக் குடியுரிமை இருந்தது. தொழில் கடனும் இருந்தது. (அதில் தரகர்கள் விழுங்கியது தனிக்கதை.) 1983-க்குப் பின் வந்தவர்களுக்குக் குடியுரிமை இல்லை. அகதி சொந்தத் தொழில் செய்யும் உரிமையைப் பற்றி 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை 18-ஆம் விதியில் பேசுகிறது. இந்தியா அதில் கையெழுத்திடவில்லை, நம்மைப் போலவே. 2021-இல் தமிழக அரசு முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயரிட்டுப் புதிய வீடுகளும் அறிவித்தது, நன்று. ஆனால் 1987 ஜூலைக்குப் பின் இங்கே பிறந்த பிள்ளைகளும், பெற்றோர் இருவரும் இலங்கையர் எனில், பிறப்பால் இந்தியர் ஆவதில்லை.

அண்மையில் அக்கடைக்குச் சென்றோம். பலகையில் இன்னும் ஓட்டுநரின் பெயர்தான். கல்லாவில் அந்தத் தாயின் மகள். உண்டு முடித்துப் பணம் நீட்டினோம். வாங்கிக்கொண்டு மீதியை எண்ணித் தந்தாள்.