நீல இலை



பத்து நாளாக டீச்சரைக் காணோமே என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. சென்னையில் மகள் வீட்டில் கத்தரிக்கோலும் கோந்துமாக உட்கார்ந்திருந்தேன். ஓய்வு பெற்று எட்டு வருடம் கழித்து மறுபடியும் சார்ட் வெட்டினேன். இந்த முறை வகுப்பறைக்கு இல்லை, மகளுடைய ஆபீஸ் கியூபிக்கிளுக்கு.

தெரியாத உறவுகளுக்காகச் சொல்கிறேன். மேசையைச் சுற்றி மூன்று பக்கமும் துணி ஒட்டின தடுப்பு நிற்கும். அந்தப் பொந்துக்குப் பெயர்தான் கியூபிக்கிள். கொரோனாவுக்குப் பிறகு அவள் ஆபீஸில் யாருக்கும் நிலையான இடம் கிடையாது. காலையில் எந்த மேசை காலியோ அதில் உட்கார வேண்டும். "பஸ் ஸ்டாண்டுல உக்காந்து வேலை பாக்குற மாதிரி இருந்துச்சும்மா" என்பாள். இந்த மாதம்தான் அவளுக்கென்று ஓர் இடம் கொடுத்தார்கள். போட்டோ காட்டினாள். தடுப்பு சாம்பல், மேசை சாம்பல், நாற்காலி கறுப்பு. "எல்லாம் நீலமா மாத்தணும். நீ பண்ணிக் குடு" என்றாள். நாற்பது வயதில் பிள்ளை ஒன்று கேட்டால் மறுக்க முடியுமா?

நான் ஆபீஸுக்குள் போக முடியாது. அவள் அளவு எடுத்து வந்தாள். ஆணி கூடாது, டேப் ஒட்டக் கூடாது, குண்டூசி குத்தலாம். முதலில் என் கருநீலச் சின்னாளப்பட்டிச் சுங்குடிப் புடவையை எடுத்தேன். தொண்ணூறுகளில் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், நான் வெள்ளிக்கிழமை கட்டுவது. துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆகிவிட்டது. மூன்று தடுப்புக்கும் மூன்று துண்டாக வெட்டி, ஓரம் மடித்துத் தைத்துக் கொடுத்தேன். மறுநாள் அங்கிருந்து போட்டோ வந்தது. நன்றாகவே இல்லை. வீட்டு வெளிச்சத்தில் அழகாக இருந்த கருநீலம், அந்த வெள்ளை விளக்கின் கீழே இருட்டுக் குகை மாதிரி இருந்தது. "கிணத்துக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கும்மா."

தப்பு என்னுடையதுதான். நீலம் என்றால் ஒரே நீலமா? பள்ளிக்கு வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலப்போமே, அதுவும் நீலம்தான். ஆனால் சுவரில் நீலம் தெரியாது, பழுப்பு மறைந்து வெள்ளை பளிச்சென்று தெரியும். (நம் ஊரில் பாதிப் பேர் நீலத்தை ஊதா என்பீர்கள். முப்பத்து நாலு வருடம் திருத்திப் பார்த்தேன், முடியவில்லை. இப்போது விட்டுவிட்டேன்.) எனவே சுங்குடியை மேசையை ஒட்டிய கீழ்ப்பகுதிக்கு மட்டும் ஒரு பட்டையாக வைத்தேன். அதற்கு மேலே வெளிர் வானநீலப் பருத்தித் துணி, நடுவில் வெள்ளைக் காகிதத்தில் பேரன் வரைந்த படம். பேனா வைக்கும் டப்பா மட்டும் மஞ்சள். எல்லாம் நீலமாக இருந்தால் கண்ணுக்கு எதுவும் தனியாகத் தெரியாது. ஒரு மஞ்சள் இருந்தால்தான் நீலமே தெரியும்.

இன்னொன்று, படத்தை எங்கே மாட்டுவது என்பது. 2007-08இல் செயல்வழிக் கற்றல் எல்லாத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தபோது, கரும்பலகையைப் பிள்ளைகள் கைக்கு எட்டுகிற மாதிரி சுவரின் கீழேயே பூசச் சொன்னார்கள். எனக்கு அது பெரிய பாடம். அதுவரை என் உயரத்துக்குத்தான் சார்ட் மாட்டிக்கொண்டிருந்தேன். மகளிடமும் அதையே சொன்னேன்: நின்று பார்த்து மாட்டாதே, உட்கார்ந்தால் கண் எங்கே போகிறதோ அங்கே மாட்டு.

கூகுளில் தேடினால், இந்தக் கியூபிக்கிள் பிறந்ததே ராபர்ட் ப்ராப்ஸ்ட் என்பவரால், 1968இல் அமெரிக்காவின் ஹெர்மன் மில்லர் நிறுவனத்துக்காகவாம். வேலை செய்கிறவர் தன் வேலைக்கு ஏற்ப இடத்தை மாற்றிக்கொள்ளட்டும் என்றுதான் அந்தத் தடுப்புகளைச் செய்தாராம். இப்போது பார்த்தால் எல்லாருக்கும் ஒரே பெட்டி. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

தடுப்பின் மேல் விளிம்பில் ஒரு கொடி ஓட விடலாம் என்று பச்சைச் சார்ட்டில் இலைகள் வெட்டி வைத்தேன். மகள் பார்த்துவிட்டு, "இதுவும் நீலமா இருக்கட்டும்மா" என்றாள். நான் சும்மா இருக்கலாம். "இலை எந்த ஊர்லடி நீலமா இருக்கு?" என்றேன்.

முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "மூணாங்கிளாஸ்ல அவனையும் இதேதான் கேட்டே" என்றாள்.

1993. மகளும் என் வகுப்பில்தான் இருந்தாள். 'எங்கள் ஊர்' என்று படம் வரையச் சொல்லியிருந்தேன். ஒரு பையன் வீடு, மரம், மாடு, ரோடு எல்லாவற்றுக்கும் நீலம் அடித்துக் கொண்டுவந்தான். நான் அதை உயர்த்திப் பிடித்து, "மரம் நீலமா இருக்குமா? மாடு நீலமா இருக்குமா?" என்று வகுப்பைக் கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். சிவப்பு மையில் 'மீண்டும் வரைக' என்று எழுதிக் கொடுத்தேன். அவன் மீண்டும் வரையவில்லை. நானும் கேட்கவில்லை.

"அவன்கிட்ட நீலக் கிரையான் ஒண்ணுதாம்மா இருந்துச்சு. அதுவும் நான் குடுத்தது. என் டப்பால ரெண்டு நீலம் இருந்துச்சு."

ஏண்டி அன்றைக்கே சொல்லவில்லை என்றேன்.

"கிளாஸ்ல அம்மான்னு கூப்பிடக் கூடாது, கை தூக்கித்தான் பேசணும்னு சொல்லியிருந்தே. தூக்கினேன். நீ பாக்கல."

குழந்தையின் படத்தைத் திருத்தாதே, ஏன் அப்படி வரைந்தாய் என்று கேள் என்று பயிற்சிப் பள்ளியில் படித்து, தேர்விலும் எழுதி, நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். முப்பத்திரண்டு வருடம் எனக்கு அந்தப் படம் ஒரு வேடிக்கைக் கதை. ஆசிரியர் அறையில்கூடச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

மறுநாள் பச்சை இலைகளை எடுத்து வைத்துவிட்டு நீலச் சார்ட்டில் வெட்டினேன். நீலக் கண்ணாடிப் பாட்டிலில் ஒரு மணிபிளான்ட் துண்டும் கொடுத்து அனுப்பினேன். வெயில் இல்லாத இடத்திலும் பிழைத்துக்கொள்ளும், வாரம் ஒரு முறை தண்ணீர் மாற்றினால் போதும். இப்போது இடம் நன்றாக இருக்கிறதாம். பக்கத்து மேசைப் பெண்ணும் அளவு கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

தம்பி, நீ இதைப் படிப்பாயா தெரியாது. திருப்பூரில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். உன் பேரை இங்கே எழுதவில்லை. உனக்கு அந்த நாள் மறந்திருந்தால் நல்லது. மறக்கவில்லை என்றால், டீச்சர் அன்றைக்குச் செய்தது தப்பு. உன்னிடம் கேட்டிருக்க வேண்டும்.

அந்த வகுப்பில் படித்தவர்களுக்கு யார் என்று தெரிந்திருக்கும். பின்னூட்டத்தில் அவன் பேரை எழுதாதீர்கள். நம்பர் இருந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள், நான் பேசிக்கொள்கிறேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.